சைலன்சர் போல்ட் கழன்றுகொண்டே இருக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பெங்களூரு ரோட்டில் ஓடும் பைக்கில் முதலில் லூசாவது பெரும்பாலும் சைலன்சர் பக்கத்து போல்ட்தான். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்து பைப் முழுக்கக் கொதித்துப்போயிருக்கும். சிக்னல் தாண்டிய கையோடு குழியில் இறங்கி ஏற வேண்டும். சூடு, அதிர்வு இரண்டும் ஒரே போல்ட்டின் தலையில் விழுகின்றன. "லாக்டைட் போட்டேன் அண்ணா, அப்பவும் கழலுது" என்ற புகாரை எஜிபுரா, அல்சூர் பக்கம் நம்ம ஆட்கள் நடத்தும் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம். லாக்டைட் என்பது போல்ட் கழலாமல் இருக்க மரையில் போடும் பசையின், அதாவது த்ரெட்லாக்கின், ஒரு பிராண்ட். அந்தப் புகாருக்குப் பதில் சொல்லுமுன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த நம்பர் லாக்டைட்? வண்டியின் எந்த இடத்தில் போட்டது? கழற்றியபோது மரையில் என்ன ஒட்டியிருந்தது? மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

எனவே போல்ட்டைக் கழற்றியதும் துணியால் துடைத்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் மரையைப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் போலச் செதில் செதிலாக வந்தால் பசை சரியாக இறுகியிருக்கிறது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. விரலில் நிறம் பிடித்து எண்ணெய் போல வழுக்கினால் அது இறுகவே இல்லை. பழுப்பாகவோ கருப்பாகவோ பொடிப் பொடியாக உதிர்ந்தால் வெந்துவிட்டது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்தப் பார்வையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

போட்ட சில நாளிலேயே கழல்கிறது, மரை ஈரமாக இருக்கிறது

த்ரெட்லாக் காற்றில் காய்கிற பசை இல்லை. காற்று படாமல், உலோகத்தோடு ஒட்டி இருந்தால்தான் இறுகும். அந்த உலோகம் எது என்பதும் முக்கியம். சாதாரண இரும்பு, பித்தளை, செம்பு ஆகியவற்றில் வேகமாக இறுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஜிங்க் பூச்சு, குரோம், அனோடைஸ் செய்த அலுமினியம், டைட்டானியம் ஆகியவற்றில் மெதுவாகத்தான் இறுகும். பழைய போல்ட் துரு பிடித்துவிட்டது என்று ஜே.சி. ரோட்டில் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி மாட்டுகிறோம், அதே பசையை அதே மாதிரி போடுகிறோம், ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுக்கிறோம். அங்கேதான் கெடுகிறது.

இதற்குத் தீர்வு, பசையை வேகமாக இறுக வைக்கும் ஆக்டிவேட்டர். அதே பசைக் கம்பெனிகள் சின்ன ஸ்ப்ரேயாக விற்கின்றன. மரையில் அடித்து, காய விட்டு, அப்புறம் பசை போட வேண்டும். ஆக்டிவேட்டர் கிடைக்கவில்லை என்றால் ஒரு முழு நாள் வண்டியை எடுக்காமல் விட்டுவிடுங்கள். இரும்பு மரையில்கூடப் பசை பிடிப்பதற்குச் சில நிமிடம் போதும், முழு வலு வருவதற்கு 24 மணி நேரம் ஆகும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு இரவு 15 டிகிரிக்குப் போகும்போது இன்னும் நேரம் எடுக்கும். வெயில் ஏறியபின் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, சுத்தம். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுகிற பழக்கம் கடைகளில் இன்னும் போகவில்லை. இரண்டும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். பெட்ரோலையும் நம்ப வேண்டாம். பிரேக் கிளீனர் அல்லது அசிட்டோன் அடித்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி அடித்து, முழுக்கக் காய விடுங்கள். போல்ட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அது ஏறும் ஓட்டையை அப்படியே விடுகிறவர்கள் அதிகம். பழைய பசைத் துகளும் துருவும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கும். மரை வெட்டும் டேப் கருவியை ஒருமுறை உள்ளே ஓட்டி எடுத்தால் போதும்.

மறுபக்கம் திறக்காத ஓட்டையாக இருந்தால் பசையை போல்ட்டில் தடவிப் பயனில்லை. உள்ளே அடைபட்ட காற்று போல்ட் இறங்க இறங்க வெளியே வரும்போது பசையையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் ஓட்டையின் அடியில் சில சொட்டு விட்டு, அப்புறம் போல்ட்டை ஏற்றுங்கள். திறந்த ஓட்டையில், நட் கடைசியில் எங்கே நிற்குமோ அந்த மரையில் போட வேண்டும். போல்ட் நுனியில் தாராளமாக ஊற்றிவிட்டு, நட் நிற்கும் இடம் காய்ந்து கிடப்பதைப் பல தடவை பார்க்கலாம்.

சில மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் கழன்றது. மரையில் பழுப்புப் பொடி

இது சூட்டின் வேலை. இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது: நீலம் லேசானது, சிவப்பு கெட்டியானது, ஆகவே சிவப்பு சூட்டையும் தாங்கும் என்று. கெட்டியும் சூடு தாங்குவதும் இரண்டு தனிக் கணக்கு. லாக்டைட் 243 நீலம், நடுத்தர வலு. 263 சிவப்பு, அதிக வலு. இரண்டுக்கும் கம்பெனி சொல்லும் உச்ச வெப்பம் 180 டிகிரிதான். பழைய 242 என்றால் 150. சிவப்பில் 272 என்று ஒன்று உண்டு, அது சுமார் 230 வரை போகும். அதற்கும் மேலே என்றால் 2422, 2620 என்ற வகைகள். அவை 340 டிகிரி அளவுக்குத் தாங்கும். 2422 நீலம், ஸ்பேனரால் கழற்றிவிடலாம். 2620 சிவப்பு, சூடு காட்டாமல் கழலாது. ஆக, நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். சென்னையின் அனபாண்ட் போன்ற மற்ற கம்பெனி டப்பா கொடுத்தால் அதன் டேட்டா ஷீட்டில் வெப்ப அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. 180 என்று போட்டிருந்தால் 179 வரை முழு வலுவோடு நிற்கும் என்று அர்த்தம் இல்லை. எல்லையை நெருங்கும் முன்பே பிடி கணிசமாகக் குறைந்துவிடும். ஐம்பது டிகிரியாவது இடைவெளி வைத்துத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம்.

சரி, போல்ட் இருக்கும் இடம் எவ்வளவு சூடாகிறது என்று எப்படித் தெரியும்? எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை எடுத்து நீட்டினால் ஒரு எண் வரும். ஆனால் பளபளக்கும் குரோம் மேலோ பாலிஷ் செய்த ஸ்டெயின்லெஸ் மேலோ நீட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பிப் பசை வாங்கினால் வெந்துபோகும். போல்ட்டுக்குப் பக்கத்தில் சூடு தாங்கும் கருப்பு மேட் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் அதன்மேல் அளங்கள். அளக்கிற நேரமும் முக்கியம். ஓட்டி வந்ததும் அளந்தால் போதாது, நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்தியதும் அளக்க வேண்டும். காற்று ஓட்டம் இல்லாதபோதுதான் கிளாம்ப், பிராக்கெட் எல்லாம் அதிகம் சூடேறும்.

ஸ்டெயின்லெஸ் பைப் என்றால் செலவில்லாத வெப்பமானி ஒன்று கூடவே இருக்கிறது: அதன் நிறம். லேசான மஞ்சள் ஏறியிருந்தால் அந்த இடம் 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது. பழுப்பு 400-க்குப் பக்கம். நல்ல நீலம் என்றால் 540 தாண்டியிருக்கும். மஞ்சளிலிருந்து நீலத்துக்குள் இருக்கும் பகுதியில் எந்த லாக்டைட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. நிறம் மாறாத பின்பகுதியில், வெப்பமானி சொல்கிற எண்ணைப் பார்த்து 272-ஓ 2422-ஓ போடலாம். பிரேமோடு சைலன்சரைப் பிடிக்கும் கடைசி பிராக்கெட்டுக்கு அநேகமாக 243-ஏ போதும்.

பீங்கான் வகைப் பசை ஒன்று உண்டு. துப்பாக்கிக் குழல் முனையில் மாட்டும் கருவிகள் சுடும் சூட்டில் கழலாமல் இருக்க வெளிநாட்டில் பயன்படுத்தும் ராக்செட் அந்த ரகம். ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும், தண்ணீரில் ஊறப் போட்டால் இளகும். அதனால்தான் பைக்குக்கு அதை யோசித்துத்தான் போட வேண்டும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை நம் வண்டி நனையாத நாள் குறைவு.

பசை கெட்டியாகத்தான் இருக்கிறது, இருந்தும் ஜாயிண்ட் ஆடுகிறது

மெக்கானிக்கைத் திட்டுகிற முன் யோசிக்க வேண்டிய அறிகுறி இது. போல்ட்டைப் பிடித்து வைப்பது அதன் இழுவிசை. முறுக்கும்போது போல்ட் இம்மியளவு நீள்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு துண்டையும் சேர்த்து அழுத்துகிறது. பசை செய்வதெல்லாம் மரை பின்னால் சுழலாமல் காப்பது மட்டும். நடுவில் இருக்கும் பொருள் அமுங்கிவிட்டால் போல்ட் ஒரு மயிரிழைகூடச் சுழலாமலேயே பிடி போய்விடும்.

சைலன்சர் பக்கம் அமுங்குகிற பொருட்களுக்குப் பஞ்சமில்லை. புது கேஸ்கெட் முதல் சூட்டிலேயே கொஞ்சம் படியும். மவுண்டிங் ரப்பர் நாள்பட நசுங்கும். பிராக்கெட்டில் கெட்டியாகப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தால் வாஷருக்கு அடியில் அது சூட்டில் இளகி ஓரத்தில் பிதுங்கி நிற்கும். விரலால் தடவினாலே விளிம்பு தெரியும். வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

கேஸ்கெட் மாற்றிய ஜாயிண்ட்டுக்கு வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் பசை இல்லாமல் மாட்டி, சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, முழுக்க ஆற விடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. ஆறியபின் மறுபடி முறுக்கிப் பார்த்தால் கொஞ்சம் ஏறும். இனி ஏறாது என்ற நிலை வந்தபின் ஒவ்வொரு போல்ட்டாக வெளியே எடுத்து, சுத்தம் செய்து, பசை போட்டு ஏற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், கேஸ்கெட் நகர்ந்துவிடும். பசை போட்டு இறுகிய போல்ட்டை "எதற்கும் ஒரு கை பார்த்துவிடலாம்" என்று மறுநாள் இன்னொரு முறுக்கு முறுக்கினால் இறுகிய பசை உடைந்துவிடும். அதற்குப் போடாமலே இருந்திருக்கலாம்.

முறுக்கும் அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாக எம்6 இரும்பு போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு, எம்8-க்கு 25-ஐ ஒட்டி. அலுமினியத்தில் ஏறுகிற மரையானால் இன்னும் குறைவாகவும் சொல்லியிருப்பார்கள். ஈரப் பசை மரைக்கு மசகுபோலவும் வேலை செய்வதால் அதே முறுக்குக்குக் கொஞ்சம் கூடுதல் இழுப்பு வரும். ஆகவே மேனுவல் சொல்வதற்கு மேல் "சும்மா ஒரு கால் சுற்று" தேவையில்லை.

ஸ்பிரிங் வாஷர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், போல்ட்டுக்குக் குறுக்கே வரும் அதிர்வுதான் அதை அதிகம் கழற்றுகிறது என்று காட்டினார். அந்த முறைச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. நம் சைலன்சர் பிராக்கெட் அசைவதும் குறுக்காகத்தான். ஜோடியாக வரும் ஆப்பு வாஷர் கிடைத்தால் வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் சூடு அதற்குப் பிரச்சினை இல்லை. நைலாக் நட்டை இந்தப் பக்கம் கொண்டே வராதீர்கள். அதில் இருக்கும் நைலான் வளையம் 120 டிகிரிக்கு மேல் தாங்காது. முழுக்க உலோகத்தாலேயே செய்த லாக் நட் கேட்டு வாங்குங்கள்.

இஞ்சின் ஹெட் பக்கம் "புஸ் புஸ்" சத்தம், ஆக்ஸிலேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது

இஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப், இஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிவு. சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கெட்டியான துணியால் சைலன்சர் முனையை ஒரு நொடி மட்டும் மூடிப் பாருங்கள். கசியும் இடத்தில் சத்தம் கூடும்.

இந்த ஜாயிண்ட்டில் த்ரெட்லாக் போடாதீர்கள். உள்ளே போகும் புகை பல நூறு டிகிரி. எந்தச் சாதாரணப் பசையும் அங்கே கரிதான். இங்கே தேவை எதிர்மாறான பொருள்: செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ், அதாவது மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பேஸ்ட். ஹெட்டிலிருந்து நீட்டி நிற்கும் தலையில்லாத போல்ட்டான ஸ்டட்டின் மரையில் மெல்லிய பூச்சு. புது கேஸ்கெட், செம்புப் பூச்சுள்ள லாக் நட் அல்லது பித்தளை நட், இரண்டு பக்கமும் மாறி மாறிச் சமமாக முறுக்குதல், அவ்வளவுதான். ஆன்டி-சீஸும் மசகு என்பதால் முறுக்கில் கை தாராளம் காட்ட வேண்டாம்.

நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்தே வந்துவிட்டால் பதறாதீர்கள். அலுமினிய மரை நன்றாக இருந்தால் புது ஸ்டட் போட்டுவிடலாம். ஹெட்டுக்குள் போகும் பக்கத்துக்குப் பசை போடச் சொல்லி மேனுவல் சொன்னால் மட்டும் போடுங்கள். மரை போய்விட்டிருந்தால் ஹெலிகாயில், அதாவது ஓட்டைக்குள் புது மரையாகப் பொருத்தும் கம்பிச் சுருள். அதைத் தெருமுனையில் செய்யாமல் லேத் கடையில் கொடுத்துச் செய்யுங்கள்.

கழலவே மாட்டேன் என்கிறது

முதலில் எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். துருவா, பசையா, ஸ்டெயின்லெஸ் மரை ஒன்றோடு ஒன்று கடித்துக்கொண்டதா? துருவுக்கு ஊடுருவும் எண்ணெய் உதவும். இறுகிய பசைக்கு எவ்வளவு ஊற்றினாலும் உதவாது. மரை கடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும்.

சிவப்புப் பசைக்கு 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும். பாதிப் பேர் சூடாக்கிவிட்டு ஸ்பேனர் தேடப் போவார்கள். திரும்பி வருவதற்குள் பசை மறுபடி கெட்டியாகிவிடும். ஸ்பேனரை முதலிலேயே மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். 2620 போன்ற உயர்வெப்பப் பசைக்கு இதைவிட அதிகச் சூடு தேவைப்படும். அலன் கீ குழியில் மண் அடைத்திருந்தால் சுத்தம் செய்து, கீ முழுக்க இறங்குகிறதா என்று பார்த்தபின் விசை கொடுங்கள்.

சூடாக்க ஹீட் கன் போதும். புளோ டார்ச் எடுப்பதானால் பெட்ரோல் டேங்கையும் பைப்பையும் கழற்றித் தூரமாக வைக்க வேண்டும். கார்பரேட்டர் வண்டியானால் அதில் தேங்கிய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் அது முழுக்கக் காயாமல் தீ காட்டவே கூடாது. வேகும் பசையின் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஷட்டரைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

சைலன்சர் முனை மூடி (எண்ட் கேப்) கடகடக்கிறது, சத்தம் குறைக்கும் உள்குழாயின் ஸ்க்ரூ காணாமல் போய்விட்டது

வண்டியோடு வந்த சைலன்சரை மாற்றி வெளியே வேறு வாங்கி மாட்டுகிறவர்களின் தலைவலி. அங்கே இருப்பது சின்ன ஸ்க்ரூ, மரை மூன்று நான்கு சுற்றுதான். இவ்வளவு குறைந்த மரையில் பசைக்குப் பிடிக்க இடமே இல்லை. 2422 போட்டுப் பார்க்கலாம். அதைவிட, ஸ்க்ரூ தலையில் ஓட்டை போட்டு ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டுவது நிலைக்கும். ஸ்க்ரூ விழுந்துவிட்டது என்று உள்குழாயைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். சத்தம் கூடினால் டிராபிக் போலீஸ் பிடித்து அபராதம் போடுவார்கள், சைலன்சரையும் கழற்றிவிடுவார்கள்.

போல்ட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பேனல் வெடித்திருக்கிறது

பசை வழிந்து பேனலைத் தொட்டிருக்கிறது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கை ஈரப் பசை தாக்கும். இழுவையில் இருக்கும் இடத்தில் மெல்லிய கோடாகத் தொடங்கிப் பிளவாகும். ஹீட் ஷீல்டுக்குப் பின்னால் பேனல் ஒட்டி நிற்கும் வண்டிகளில் பசையைக் குறைவாகப் போட்டு, வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். வெடித்த பேனலைப் பசை போட்டு ஒட்டலாம், ஆனால் ஓட்டையைச் சுற்றி இருக்கும் பகுதி பழைய வலுவுக்கு வராது.

பாட்டிலிலேயே கட்டி கட்டியாக வருகிறது

பாட்டில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். உள்ளே காற்று இருந்தால்தான் பசை திரவமாகவே இருக்கும், அதற்காகவே அப்படி அடைக்கிறார்கள். கட்டியாவதற்குக் காரணம் நாம்தான்: பாட்டில் மூக்கை நேரே மரையில் வைத்துத் தேய்க்கிறோம். இரும்புத் துகள் ஒட்டி உள்ளே போனால் அங்கேயே இறுகத் தொடங்கும். சொட்டை மேலிருந்து விடுங்கள். மிஞ்சியதைப் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். கட்டி தட்டிய பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புது பாட்டில் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள்.